புதுச்சேரி பீச் ரோட்டில் சைக்கிள்: ஒரு காலைச் சுற்றுக்கு முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு கணக்கு. புதுச்சேரி பீச் ரோட்டின் நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். நிதானமாக மிதித்தாலே ஏழெட்டு நிமிடத்தில் மறுமுனை வந்துவிடும். சிகாகோவில் ஏரிக்கரையோரமாக ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்குப் பாதை போட்டு, நடப்பவர்களுக்குத் தனி, சைக்கிளுக்குத் தனி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றைப் படத்தில் பார்த்துவிட்டு அதே நினைப்போடு இங்கே சைக்கிள் எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே தனிப் பாதை கிடையாது. நடப்பவர், ஓடுபவர், குழந்தையைக் கைபிடித்து வருபவர், சுண்டல் விற்பவர், செல்ஃபி எடுப்பவர் எல்லோருக்கும் இருப்பது ஒரே சாலை.

அப்படியென்றால் சைக்கிள் ஓட்டவே முடியாதா என்றால், தாராளமாக முடியும். பீச் ரோட்டை மட்டும் முழுப் பயணமாக நினைக்கக் கூடாது, அவ்வளவுதான். பழைய புதுச்சேரி நகரம் முட்டை வடிவில் அமைந்தது. அதைச் சுற்றி நான்கு பெரிய சாலைகள்: தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே எஸ்.வி. படேல் சாலை, கிழக்கே கடலை ஒட்டி பீச் ரோடு. இந்தச் சுற்று சுமார் 5 கிலோமீட்டர் வரும். இதோடு தெற்கே வம்பாகீரப்பாளையம் போய் வருவதையும், வெள்ளை நகரத் தெருக்களில், அதாவது கடலை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியில், கொஞ்சம் வளைய வருவதையும் சேர்த்தால் 10 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். புதிதாக ஓட்டுபவருக்கு இது ஒரு காலைக்கு அளவான தூரம். பழகியவர்கள் இரண்டு சுற்று போகலாம்.

எந்த நேரம், எந்த மாதம்

பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களுக்குத் தடை. இரண்டு முனைகளிலும் குறுக்குத் தெரு வாய்களிலும் தடுப்பு நிற்கும். அந்த நேரத்தில் சாலை நடப்பவர்களுடையது. தடுப்புக்கு அருகில் நிற்கும் காவலர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னால், சைக்கிளும் வாகனமா என்று அவரிடம் வழக்காட வேண்டாம். தள்ளுங்கள். கடலைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

என்னைக் கேட்டால், பீச் ரோட்டில் சைக்கிளுக்கு உரிய நேரம் காலை 7.30 முதல் 8.30 வரை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். தடுப்பு எடுத்திருப்பார்கள், ஆனால் சுற்றுலா கார்கள் இன்னும் ஓட்டல் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும். அதற்கு முந்தைய நேரத்தை மற்ற சாலைகளுக்கு ஒதுக்குங்கள். கீழே சொல்லியிருக்கும் வழியை அந்தக் கணக்கில்தான் அமைத்திருக்கிறேன். மாலை 6-க்கு மேல் சைக்கிளோடு பீச் ரோட்டுக்குப் போக வேண்டாம். வார இறுதி என்றால் கால் வைக்க இடம் இருக்காது. துமா வீதியிலோ ரோமன் ரோலன் வீதியிலோ பூட்டிவிட்டு நடந்து போவதே உத்தமம்.

சூரியன் எழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மாதத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் 5.45-க்கு ஒட்டியே வெளிச்சம் வந்துவிடும். ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும்.

ஓட்டுவதற்கு நல்ல காலம் டிசம்பர் கடைசி முதல் மார்ச் முதல் வாரம் வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் உருவாகிவிட்டால் அலை பாறையில் மோதிச் சாலை வரை தெறிக்கும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் கடல் பக்கமே போகாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் 8 மணிக்கெல்லாம் வெயில் பிடரியைச் சுடும். அதைவிட மோசம் புழுக்கம்: வியர்வை காயவே காயாது.

காற்றையும் கவனியுங்கள். விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று மெல்லியது, தொந்தரவு இல்லை. வெயில் ஏறிய பிறகு கடற்காற்று திரும்பிவிடும். கோடையில் அது தென்கிழக்கிலிருந்து அடிக்கும். அதாவது தெற்கே போகும்போது எதிர்க்காற்று. மழைக்காலத்து வாடைக்காற்று இதற்கு நேர் எதிர். வடக்கே மிதிக்கும்போது மூச்சு வாங்க வைக்கும். நீண்ட தூரம் போகிறவர்கள் போகும்போது எதிர்க்காற்றையும் வரும்போது பின்காற்றையும் வைத்துக்கொண்டால் களைத்த கால்களுக்கு உதவி கிடைக்கும்.

சில நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் மட்டுமல்ல, அரவிந்தரின் பிறந்த நாளும்கூட. ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வரிசை நீளும். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். பீச் ரோட்டில் அரசு விழாவும் அணிவகுப்பும் நடந்தால் பாதையை மாற்றிவிடுவார்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். அன்று வடக்குப் பக்கமே மனிதக் கடல். சாமி பார்க்கப் போங்கள், சைக்கிளை வீட்டில் வையுங்கள்.

சைக்கிள்: சொந்தமோ வாடகையோ

வெளியூரிலிருந்து வருபவர்கள் மிஷன் வீதி, காந்தி வீதிப் பக்கம் விசாரித்தால் வாடகை சைக்கிள் கிடைக்கும். தங்கும் விடுதிகள் சிலவற்றிலும் வைத்திருப்பார்கள். அடையாள அட்டை கேட்பார்கள், முன்பணம் கேட்பார்கள். அசல் ஆதாரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும் என்று பேசிப் பாருங்கள். மணிக் கணக்கை விட நாள் வாடகை பெரும்பாலும் லாபம். முக்கியமான விஷயம், விடியற்காலை 5.30-க்குக் கடை திறந்திருக்காது. முந்தைய நாள் மாலையே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எடுத்தால் ராத்திரி பஞ்சர் இருந்தாலும் தெரிந்துவிடும்.

இந்த ஊருக்குக் கியர் தேவையில்லை. மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களைத் தவிர ஒன்றும் கிடையாது. பந்தயச் சைக்கிள் போல மெல்லிய டயர் உள்ளதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணல் படிந்த தாரிலும், வெள்ளை நகரத்துக் கல் பாவிய இடங்களிலும் அது வழுக்கும். கொஞ்சம் அகலமான டயர், நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில், மட்கார்டு, பெல். இவ்வளவு போதும். பழைய கறுப்பு சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடையிலேயே இதையெல்லாம் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுழற்றுங்கள். ரிம் ஒரு இடத்தில் மட்டும் பிரேக் கட்டையை உரசிக்கொண்டு போனால் சக்கரம் பெண்டு. பின்சக்கரத்துக்கும் அதே சோதனை. அப்புறம் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளுங்கள். நகர்ந்தால் வேறு சைக்கிள் கேளுங்கள். பிரேக் கம்பியின் முனை சிலும்பிப் பிரிந்திருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும். கடற்கரை ஊர்ச் சைக்கிள்களில் இது சாதாரணம், உப்புக் காற்று உறைக்குள்ளே போய்க் கம்பியைத் தின்றுவிடும். செயினைத் தொட்டுப் பாருங்கள். விரலில் கறுப்பு மை ஒட்டினால் சரி, எண்ணெய் இருக்கிறது. சிவப்புத் தூள் ஒட்டினால் துரு. "அண்ணே, கொஞ்சம் ஆயில் விட்டுக் கொடுங்க" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார்.

டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். மணல் அதிகமுள்ள பாதை என்றால் அந்த அளவில் கீழ் எல்லையை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். சீட் உயரத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். அப்படியிருந்தால் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடிந்தபடி இருக்கும், வலி வராது. வாடகை சைக்கிளில் முட்டி வலிக்கிறது என்பவர்களில் பெரும்பாலோர் சீட்டை ஏற்றிக்கொள்ளாதவர்கள்தான்.

கையில் அதிகம் சுமக்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பியோ ஹெல்மெட்டோ, சங்கிலிப் பூட்டு, சில்லறைப் பணம். இருட்டில் கிளம்புவதாக இருந்தால் முன்னால் ஒரு வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். கேமரா எடுத்துப்போனால் ஒரு பிளாஸ்டிக் பையும் சேர்த்து எடுங்கள்.

தொடக்கம்: ரயில் நிலையத்திலிருந்து தெற்கே

சுப்பையா சாலையில் உள்ள ரயில் நிலையத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையிலேயே டீக்கடை திறந்திருக்கும், அடையாளம் சொல்லவும் எளிது. ஒரு டீயைக் குடித்துவிட்டு, விடிவதற்கு 20 நிமிடம் முன்னதாகத் தெற்கே திரும்பி வம்பாகீரப்பாளையம் நோக்கிப் போங்கள். உயரமாகத் தெரியும் புதிய கலங்கரை விளக்கம்தான் வழிகாட்டி. 1979-ல் வந்தது இது. பீச் ரோட்டில் இருக்கும் பழையதைப் பிறகு பார்ப்போம்.

வம்பாகீரப்பாளையம் மீனவர் ஊர். தெரு குறுகல். வலை விரித்திருக்கும், கயிறு குறுக்கே போகும், படகுக்குப் பக்கத்தில் ஆட்கள் வேலையாக இருப்பார்கள். வலை மேல் சக்கரம் ஏற்றாதீர்கள். நைலான் வலையின் ஒரு கண் அறுந்தாலும் அதைக் கோக்க ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போய் மணல் ஓரம் நின்றால் கடலும் பழைய துறைமுகப் பாலமும் தெரியும். 1960-களின் தொடக்கத்தில் கட்டிய பாலம் அது. 2022 மார்ச்சில் அலையின் வேகம் தாங்காமல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பாலத்தின் மேல் ஏறும் ஆசை வேண்டாம்.

சூரியன் கடலை விட்டு ஒரு முழம் மேலே வந்ததும் கிளம்பலாம். மீன் இறங்கும் நேரமாக இருந்தால் ஏலக் குரல் கேட்கும். அதைக் கேட்க ஐந்து நிமிடம் நிற்பது தவறில்லை. வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

தெரு நாய்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் இவை கூட்டமாக இருக்கும், ஓடும் சக்கரத்தைக் கண்டால் துரத்தும். வேகம் கூட்டாதீர்கள். மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து மெதுவாக நடங்கள். பெரும்பாலும் அதற்கே ஆர்வம் போய்விடும்.

நகரைச் சுற்றி

மறுபடி சுப்பையா சாலைக்கு வந்து மேற்கே திரும்புங்கள். ரயில் நிலையத்தைக் கடந்ததும் செம்மண் நிறமும் வெள்ளையுமாக உயர்ந்து நிற்கும் தூய இருதய ஆண்டவர் பேராலயம் வரும். காலைப் பூசை நேரத்தில் வாசலில் வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் நிற்கும், கவனம். அங்கிருந்து அண்ணா சாலையில் வடக்கே. இந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைகள், போக்குவரத்து, அவ்வளவே. காலை 6.30-க்கு காலியாக இருக்கும் என்பதே இதன் ஒரே அழகு. வேகமாக மிதித்துக் கடந்துவிடுங்கள். பிறகு எஸ்.வி. படேல் சாலையில் கிழக்கே திரும்பி அஜந்தா சிக்னலைத் தாண்டினால் கடல் காற்று முகத்தில் படும்.

இந்தத் திசையில் சுற்றும்போது மூலைகளில் எல்லாம் வலது பக்கம் திரும்ப வேண்டியிருக்கும், அதாவது எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே. விடியற்காலையில் அது பிரச்சினையே இல்லை. ஆனால் 9 மணிக்கு மேல் கிளம்புகிறவர்கள் இதே வழியைத் தலைகீழாகப் போங்கள். அப்போது எல்லாம் இடது திருப்பம், யாரையும் குறுக்கிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னொரு எச்சரிக்கை: காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். அன்று பகலில் அந்த வீதி வழியாகக் குறுக்கே போகலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

சுற்றைத் தெற்கே தொடங்கி வடக்கு முனையில் பீச் ரோட்டுக்குள் நுழையச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வடக்கிலிருந்து தெற்கே போகும்போது சாலையின் இடது பக்கம் கடல். நம் ஊர் விதிப்படி இடது ஓரமாகவே போனாலும் கடலை ஒட்டியே போகலாம், நடுவில் எதிர்வண்டி எதுவும் மறைக்காது. தெற்கிலிருந்து வந்தால் கடல் எதிர்ப்பக்கம் போய்விடும்.

பீச் ரோடு, வடக்கிலிருந்து தெற்கே

இதன் அரசுப் பெயர் கூபேர் சாலை. யூனியன் பிரதேசமான பிறகு 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் கூபேர் பெயர் அது. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். பீச் ரோடு என்றால் உடனே கிளம்புவார்.

பழைய சாராய ஆலை இருந்த முனையிலிருந்து தொடங்குங்கள். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். நடப்பவர் யாரும் நேர்கோட்டில் நடப்பதில்லை. பேசிக்கொண்டே பக்கவாட்டில் சாய்வார்கள், திடீரென்று நின்று திரும்புவார்கள். பின்னாலிருந்து போகும்போது பத்தடி தூரத்திலேயே ஒருமுறை மெல்ல பெல் அடியுங்கள். மிக அருகில் போய் அடித்தால் அவர்கள் பதறி உங்கள் பக்கமே குதிப்பார்கள். காதில் இயர்போன் மாட்டியவர் என்று தெரிந்தால் பெல்லையே நம்ப வேண்டாம், ஒரு கை அகலம் தள்ளிப் போங்கள். வயதானவர்களைக் கடக்கும்போது "ஐயா, கொஞ்சம் வழி" என்று வாய்விட்டுச் சொல்வது பெல்லை விட மரியாதையானது. கடலோர நடைமேடையின் மேல் எந்த நேரத்திலும் ஓட்டாதீர்கள். அலைத் துளி விழுந்த கல் சோப்பு போட்டது போல வழுக்கும்.

தலைமைச் செயலகம் வரும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இங்கே பாறைக்கு அப்பால் மணல் தெரிகிறதே, அது தானாக வந்ததல்ல. இந்தக் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1980-களின் இறுதியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் அங்கேயே தடைபட்டுவிட்டது. இங்கே கடல் அரித்ததை ஈடுகட்ட மணல் வரவில்லை. அகன்ற கடற்கரையாக இருந்த இடத்தில் கடைசியில் கருங்கல் மட்டும்தான் மிச்சம். பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில், 2018-ஐ ஒட்டி, கடலுக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தார்கள். அது அலையின் வேகத்தை உடைக்க, மணல் மெல்ல மெல்லத் தங்கத் தொடங்கியது. இன்று பிள்ளைகள் கால் நனைக்கும் மணல் அப்படித் திரும்பி வந்தது. வடக்கே இருக்கும் மீனவக் கிராமங்களின் அரிப்பு இதனால் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். பொம்மையார்பாளையம் பக்கம் போனால் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

இந்த மணலால் சைக்கிளுக்கு ஒரு சிக்கல். காற்றில் பறந்து சாலை ஓரம் மெல்லிய படலமாகப் படியும். பார்த்தால் தெரியாது. அதன் மேல் திரும்பும்போது முன் பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்தில் பிரேக்கைத் தொடாமல் போங்கள்.

அடுத்து பிரெஞ்சுப் போர் நினைவிடம். முதல் உலகப்போரில் இறந்த வீரர்களுக்காக எழுப்பியது, 1938-ல் திறந்தது. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளை ஒட்டி இங்கே விளக்கு அலங்காரமும் மரியாதையும் நடக்கும். அதைத் தாண்டினால் காந்தி சிலை. சுற்றி நிற்கும் எட்டு கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை. தூணில் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுக்கிறார்கள் பலர். ஸ்டாண்ட் எதற்கு இருக்கிறது? ஓரமாக நிறுத்துங்கள்.

சிலைக்கு எதிர்ப்பக்கம் பழைய கலங்கரை விளக்கம், 1836-ல் ஏற்றியது. சிலைக்கு அருகே கடலைக் கூர்ந்து பார்த்தால், தண்ணீருக்கு மேலே துருப்பிடித்த இரும்புக் கால்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். வம்பாகீரப்பாளையத்தில் பார்த்ததற்கும் முந்தைய, கப்பலிலிருந்து சரக்கு இறக்கிய இன்னொரு பாலத்தின் மிச்சம் அவை. 1952 புயலில் பாலம் போய்விட்டது. அலை வாங்கும் நேரத்தில் கூடுதலாக இரண்டு மூன்று கால்கள் தலைகாட்டும். அலை ஏறினால் மறைந்துவிடும். நீர்க்காகம் ஒன்று எப்போதும் ஏதோ ஒரு காலின் உச்சியில் இறகு விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். பல பேர் இங்கே வந்து காந்தியைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், இந்தக் கால்களைப் பார்ப்பதில்லை.

இன்னும் தெற்கே மேரி கட்டடம், அதாவது பழைய நகர மன்றம். 19-ம் நூற்றாண்டுக் கட்டடமான அது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது பார்ப்பது பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டியது. கடைசியில் தெற்கு முனையில், இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேயின் சிலை. பீச் ரோடு அங்கே முடிகிறது.

அடுத்தது வெள்ளை நகரத் தெருக்கள். துமா வீதிக்குள் நுழைந்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் தூய தேவதைகளின் அன்னை ஆலயம். அதற்கு எதிரே கடல் பக்கமாக ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. இங்கே தெருக்கள் சதுரங்கக் கட்டம்போல் நேராக வெட்டிக்கொள்ளும், வழி தவறினாலும் கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் பெரிய வாய்க்கால். ஒருவழிப் பாதைகள் நிறைய, முனையில் பலகையைப் பாருங்கள். மூலைகளில் மதில் உயரம், குறுக்கே வருவது தெரியாது. ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் பெல் அடியுங்கள்.

பசிக்கும் நேரமாகிவிடும். வாய்க்காலைத் தாண்டி நேரு வீதிக்குப் போனால் இட்லியும் காபியும் எங்கும் கிடைக்கும். இந்தியன் காபி ஹவுஸில் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சைக்கிளை முன்சக்கரம் மட்டும் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். சட்டம், பின்சக்கரம் இரண்டையும் சேர்த்து ஏதாவது கம்பத்தோடு பூட்டுங்கள்.

குழந்தைகளோடு என்றால்

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அண்ணா சாலைப் பக்கமே அழைத்து வர வேண்டாம். அவர்களுக்கு பீச் ரோடும் வெள்ளை நகரமும் மட்டும் போதும், அதுவும் ஞாயிறு தவிர்த்த நாளில். பிள்ளையை முன்னே விட்டுப் பெரியவர் பின்னால் வரவேண்டும். முன்னால் பெரியவர் போனால், பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே விழுந்துவிடுவார். கேரியரில் உட்கார வைப்பதாக இருந்தால் பின்சக்கர ஸ்போக்கில் கால் நுழையாதபடி காப்புத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடலூர் வரை போக ஆசையா?

போகலாம். ஆனால் அது வேறு வகைப் பயணம். புதுச்சேரியிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் எனப் போய் முள்ளோடை எல்லையில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ரெட்டிச்சாவடி தாண்டி, தென்பெண்ணை ஆற்றைக் கடக்க வேண்டும். சாலை சமதளம், தார் நன்றாகவே இருக்கும். சிக்கல் பஸ்கள். இந்த வழித்தடத்தில் பஸ்கள் ஒன்றையொன்று முந்துவது அன்றாடக் காட்சி. பின்னால் ஹாரன் தொடர்ச்சியாகக் கேட்டால் மண் ஓரத்துக்கு இறங்கி நின்றுவிடுங்கள். தன்மானம் பார்க்கும் இடமல்ல. கனரக வண்டிகள் கூடுமுன் முடிக்க வேண்டுமென்றால் 5.30-க்கே கிளம்ப வேண்டும். திரும்பி வருவதை அன்று மாலைக்கோ மறுநாள் காலைக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று தள்ளும், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாக, ஆனால் இரண்டு கையாலும் பிடியுங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து கிழக்கே தேவனாம்பட்டினம் போனால் வெள்ளிக் கடற்கரை. இங்கே பீச் ரோடு போல நீண்ட கடலோரச் சாலையை எதிர்பார்க்காதீர்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு மணலில் நடக்க வேண்டிய இடம் இது. ஆனால் மணல் அகலமாக, பாறைச் சுவர் இல்லாமல் விரிந்து கிடக்கும். பக்கத்திலேயே கெடிலம் ஆற்றை ஒட்டிப் புனித டேவிட் கோட்டையின் எச்சம். ஆங்கிலேயர்கள் 1690-ல் மராட்டியரிடமிருந்து வாங்கியது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் போனபோது, ஆங்கிலேயர்களுக்குத் தலைமையிடமாக இருந்தது இந்த இடம்தான். 1758-ல் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை இதையும் பிடித்து இடித்தது. அவர்கள் படையோடு வந்த தூரத்தைத்தான் நீங்கள் காலை உணவுக்கு முன் மிதித்து வந்திருக்கிறீர்கள்.

வீடு திரும்பியதும்

சொந்தச் சைக்கிள் என்றால் இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். கடலோரம் ஓட்டிய சைக்கிளில் கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நீங்கள் தூங்கும்போதும் துருவை வளர்க்கும். வந்தவுடன் ஒரு வாளி நல்ல தண்ணீரை மக்கால் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டாம், சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் உள்ள கிரீஸைக் கரைத்து உள்ளே தண்ணீரை ஏற்றிவிடும். பழைய துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி. பத்து நிமிடம் கழித்து வெளியே வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வெளியே ஈரமாக எண்ணெய் இருந்தால் மணல்தான் ஒட்டும், உள்ளே இருப்பது மட்டும்தான் வேலைக்கு ஆகும். தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், நாளடைவில் பிசினாகி அழுக்கைச் சேர்க்கும். தையல் மிஷின் ஆயில் அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் வற்றிவிடும்.

அலுமினியச் சட்டமும் இரும்புச் சீட் தண்டும் சேர்ந்த சைக்கிள்களில், உப்பு ஈரம் புகுந்தால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு சீட்டை ஏற்றவோ இறக்கவோ முடியாது, கடையில் கொடுத்தாலும் அறுத்துத்தான் எடுப்பார்கள். மாதம் ஒருமுறை தண்டைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி மறுபடி பொருத்திவிடுங்கள். பிரேக் கம்பியின் உறைக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் இறக்குவதையும் அதே நாளில் வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி கடலோரம் ஓட்டுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த கையோடு, ஓவராயிலுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. அச்சுக் குண்டுகளைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், பழையதையே கழுவிப் போட்டால் அடுத்த மழை வரைகூடத் தாங்காது.